ஆறு பத்து விளக்கு

மேற்குத் தாம்பரம்
3 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள மகள் ரோஸிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் போடுகிறான் என்று பார்க்காதே. போனில் நான் வாயைத் திறந்தாலே, "அப்பா, டென்ஷன் ஆகாதீங்க, டியூட்டிக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். ஆகவே முழுக்கப் படி.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்து முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. ஸ்டேஷன் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே வந்தேன். நம் தெருமுனையில் திரும்பினால் முன்னறையில் விளக்கு எரிகிறது. என் கால் தானாக வேகமெடுத்தது. லேட்டாகிவிட்டது, அருள்மேரி திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டில் கை வைத்த பிறகுதான் நான் எங்கிருந்து வருகிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

நேற்று மட்டும் என்றால் விட்டிருப்பேன். ஆகஸ்டில் நீ லீவில் வந்து அந்தப் பெட்டியைச் சுவிட்ச் போர்டுக்குள் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து தினமும் இதே கதைதான். ஆறு பத்துக்கு அது தானாக விளக்கைப் போடுகிறது. மாலை நடை முடித்து ஆறரைக்கு நான் வருகிறேன். தெருமுனையிலிருந்து கேட் வரைக்கும் உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். கேட்டில் செத்துப்போகிறாள். ஜூனில் ஒரு தடவை அடக்கம் செய்தோமே, போதாதா?

நான் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டவன். ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு அர்த்தம் இருக்க வேண்டும். பழுது என்றால் சிவப்புக்குப் போக வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் பச்சை காட்டினால் அது பொய், உயிர் போகிற பொய். நீ என் வீட்டிலேயே அப்படி ஒன்றை வைத்திருக்கிறாய். "இனிமே நீங்க இருட்டு வீட்டுக்குத் திரும்பவே வேண்டாம்ப்பா" என்று பெருமையாகச் சொன்னாய். நான் கேட்டேனா?

அதை எப்படி நிறுத்துவது என்று எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ஏசுபாதம்


டப்ளின்
17 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, நானும் எழுதத் தெரிந்தவள்தான். முழுக்கப் படியுங்கள்.

அந்த விளக்கை ஏன் போட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஜூன் மாதம் அம்மா போன செய்தி கேட்டு, இரண்டு விமானம் மாறி, ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் நம் தெருவில் வந்து இறங்கும்போது மணி ஏழு. அம்மா ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டியில். சொந்தக்காரர்கள் மறுநாள் காலைதான் வருவதாக இருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம். நம் வீடு மட்டும் இருட்டு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாற்காலியில் நீங்கள். "அப்பா" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டு பேரும் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். அந்த வாசற்படியில் நின்று நான் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நீங்கள் இருமினீர்கள்.

மகள் வருகிறாள் என்று தெரியும். எத்தனை மணிக்கு என்று தெரியும். ஒரு விளக்கைப் போட்டு வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. அம்மா உங்களுக்காக முப்பத்தொரு வருடம் போட்டு வைத்தாள். நீங்கள் ஒன்பது மணிக்கு வந்தாலும் சரி, பத்து மணிக்கு வந்தாலும் சரி, ஆறு பத்துக்கு அந்த விளக்கு எரியும். கரண்ட் பில் ஏறுகிறதே என்று நான் சொன்னால், "உங்கப்பா இருட்டுல வரக்கூடாதுடி" என்பாள். நீங்கள் எங்களுக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டதுண்டா?

இங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு எட்டரைக்கு நான் கதவைத் திறந்தால் எனக்கும் இருட்டுதான். எனக்கு யார் போட்டு வைக்கிறார்கள்? நான் கேட்டேனா?

நிறுத்த மாட்டேன். எப்படி நிறுத்துவது என்றும் சொல்ல மாட்டேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

ரோஸி


மேற்குத் தாம்பரம்
18 நவம்பர் 2024

ரோஸிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. இனி வர வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டியைக் கழற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன், அம்மா கல்லறையில் வைக்க இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி வாங்கலாம் என்று. திரும்பும்போது ரயிலில் செம கூட்டம். இரண்டு வண்டியை விட்டு மூன்றாவதில் ஏறினேன். தெருவுக்குள் வரும்போது ஏழேகால். நம் வீட்டு வாசலில் பதினைந்து பேர். எதிர்வீட்டு தனம் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் புருஷன் சுப்பராயலு காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். கதவில் பதித்த பூட்டு உடைந்து தொங்குகிறது. கடப்பாரை வேறு.

என்னைப் பார்த்ததும் தனம் பேயைப் பார்த்ததுபோல் கத்தினாள். "இன்னா சார் நீங்க! மீன் கொழம்பு எடுத்துகினு வந்து அரை மணி நேரமா பெல் அடிக்கிறேன். உள்ள லைட்டு எரியுது, போன் அடிக்குது, நீங்க தெறக்கல. நாங்க இன்னான்னு நெனைக்கிறது?"

என்ன நினைப்பார்கள்? செத்துவிட்டான் என்றுதான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு. விளக்கு எரிந்தது யார் தப்பு? தெரு முழுக்க நம் வீட்டு விளக்கை நம்புகிறது, ரோஸி. அது எரிந்தால் உள்ளே ஆள் உண்டு என்று அருள்மேரி பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள். நீ அந்தப் பேரைக் கெடுத்துவிட்டாய்.

இந்த மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, ஏனோ அது எரியவில்லை. இருட்டில் சாவித்துளையைத் தடவித் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை நாளில் அன்று ஒரு நாள்தான் இந்த வீடு என்னிடம் உண்மை பேசியது.

பெட்டி அலமாரியில் இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு போ.

ஏசுபாதம்


டப்ளின்
1 டிசம்பர் 2024

அப்பா,

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கழற்றிய அன்றே எனக்குத் தெரியும். என் போனில் "தொடர்பு இல்லை" என்று வந்தது. வீட்டுக்கு இருபது தடவை அடித்தேன். மறுநாள் எதிர்வீட்டுக்கு அடித்தபோது தனம் அக்கா எடுத்து, "உங்கப்பாவுக்கு ஒண்ணியும் இல்லம்மா, நல்லாத்தான் கீறாரு, கோவம்தான்" என்று சொல்லும்வரை எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் இந்தக் காகிதம் போதாது.

அது தானாக எரியவில்லை, அப்பா.

டைமர் வைத்தது நிஜம். நான் கிளம்பி வந்த பத்தாவது நாள் அங்கே கரண்ட் போய் வந்ததிலிருந்து அது தன்னால் எரிவது நின்றுவிட்டது. இங்கிருந்தே இரண்டு நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. அன்றிலிருந்து தினமும் நான்தான் போட்டேன், என் விரலால். உங்கள் ஆறு பத்து எனக்கு இப்போது பகல் பன்னிரண்டு நாற்பது. வார்டில் போனைத் தொடக்கூடாது. துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போடுவேன். "முன்னறை எரிகிறது" என்று வரும். அம்மா போட்டுவிட்டாள் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வேன். பிறகு வெளியே வருவேன். இதற்காக வார்டு மேனேஜர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டாள்.

நவம்பர் ஆறாம் தேதி பன்னிரண்டு நாற்பதுக்கு நான் ஒரு கிழவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் பிழைக்கவில்லை. அதைத்தான் வீடு உண்மை பேசிய நாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆள் இல்லாத பச்சை என்றீர்களே. ஆள் இருந்தேன். தினமும் இருந்தேன்.

இனிமேல் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் இருட்டில் நிம்மதியாக இருங்கள். நான் இனி எழுதப்போவதில்லை.

ரோஸி


மேற்குத் தாம்பரம்
15 டிசம்பர் 2024, ஞாயிறு

ரோஸி,

உன் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். உன் மேல் பாதி, மீதி யார் மேல் என்று நீயே படித்துத் தெரிந்துகொள்.

ஜூன் மாதம் நீ வந்த அன்று ஏன் இருட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டாய். யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். ஆறு பத்துக்கு எழுந்து போனேன். நீ வருவாய், விளக்குப் போட வேண்டும் என்றுதான் போனேன். அந்தப் போர்டில் ஏழு சுவிட்ச். எது முன்னறை விளக்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைப் போட்டேன், ஃபேன் ஓடியது. இன்னொன்றைப் போட்டேன், சமையல்கட்டில் எரிந்தது. அதையும் அணைத்தேன். தாம்பரம் யார்டில் எந்தச் சிக்னலுக்கு எந்த வயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த வீட்டில் முப்பத்தொரு வருடத்தில் அந்த விளக்கை ஒரு தடவைகூட நான் போட்டதில்லை. நான் வரும்போதெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு கேவலம் என்று அந்தப் போர்டு முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. மூன்றாவது சுவிட்சைத் தொடக் கை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. என்னவென்று பதில் சொல்ல?

உன் கடைசிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று எலக்ட்ரீஷியன் குமரவேலைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். ஆனால் நீ அங்கிருந்து போட முடியாதபடி. அதில் மாற்றமில்லை. இனி நீ துணி அறைக்குள் ஓடி வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

குமரவேலிடம் ஒன்று கேட்டேன். ஸ்டேஷனில் சிக்னலை இயக்கும் பேனலில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். வெளியே லைனில் சிக்னல் நிஜமாக எரிந்தால்தான் உள்ளே இது எரியும். அந்த மாதிரி, இங்கே நான் சுவிட்சைப் போட்டால் ரோஸி வீட்டில் ஒரு விளக்கு எரியுமா என்று கேட்டேன். "அது இன்னா சார் பெரிய விஷயம். அக்கா அங்க ஒரு பல்ப் வாங்கி மாட்டுனா போதும், மிச்சத்த நான் போன்ல சொல்லிடறேன்" என்றான். அவன் நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். பல்பை ஜன்னல் ஓரம் மாட்டு, தெருவிலிருந்து தெரிய வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பெண் தன் வீட்டில் ஏன் ஒன்று போட்டுக்கொள்ளவில்லை என்று தனம் கேட்டாள். எனக்குத் தெரியும். போட்டால், போட்டது நீயேதான் என்று உனக்குத் தெரிந்திருக்குமே, அதனால்தான்.

நான் தினமும் ஆறு பத்துக்குள் வந்துவிடுவேன். இருட்டு வீட்டுக்குத்தான் வருவேன், அது என் வீடு. வந்து, ஏழில் ஐந்தாவது சுவிட்சைப் போடுவேன், விடியும்வரை அணைக்க மாட்டேன். எட்டரைக்கு நீ உன் தெருவில் திரும்பும்போது ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அது பொய் இல்லை.

இங்கே எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் மாற்றிவிட்டேன், கரண்ட் போனாலும் வேலை செய்யும். ஆகவே ஒரு நாள் அது எரியவில்லை என்றால், ஏதோ கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. சிவப்பு என்று எடுத்துக்கொண்டு கிளம்பி வா.

அப்பா