காற்றும் பாரமும்

ஏலக்காய் ஸ்டோர்,
குரங்கணி மேல்மலை.
ஆவணி 3, 1958.

பாசமுள்ள அக்கா வேலுத்தாய்க்குத் தம்பி ராக்கையா வணங்கி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நீ கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி வந்தது. பாதி நமுத்துப் போய்விட்டது. பாழாய்ப் போன மழை, பத்து நாளாக விடவில்லை.

இனிமேல் எழுதுவதை யாரும் இல்லாதபோது படி. நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா.

மச்சானுக்கு நான் வரைந்து கொடுத்த இந்த ஸ்டோரில், பச்சை ஏலக்காய் பரப்புகிற மரப்பரண் இருக்கிறதல்லவா? எந்தெந்தப் பாரம் ஒரே சமயத்தில் சேர்ந்து வரும் என்று பார்த்துத்தான் அதன் தூண்களுக்குக் கனம் முடிவு செய்ய வேண்டும். புத்தகத்திலேயே இருக்கிறது. நான் போடிக்காரப் புத்தியைக் காட்டிவிட்டேன். நம்மூர்க் களஞ்சியம் நிறைவது தையில், காற்று அடிப்பது ஆடியில். அதே நினைப்பில் காய்ப் பாரத்தையும் காற்றுப் பாரத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது பெரியதோ அதற்கு மட்டும் தூண் நிறுத்தினேன். மலையில் காய் பழுப்பதே இந்தக் காற்று மாதங்களில்தான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை!

முந்தாநாள் அடித்த காற்றில் நடுத்தூண் இரண்டு விரல் சாய்ந்துவிட்டது. தச்சர் காசிமாயன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, “தலையில சொமையும் வெலாவுல குத்துமா வாங்குனா மனுசனே நிக்கமாட்டான், மரம் என்னா செய்யும் தம்பி?” என்றார்.

குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று, காய் பறிக்கும் பெண்கள் பத்தொன்பது பேரை மச்சான் அந்தப் பரணுக்குக் கீழேதான் தங்க வைத்திருக்கிறார். வெளியே வரச் சொன்னேன். “கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இந்த மழையில எங்கிட்டுப் போவோம் அப்பு?” என்று அவர்களில் குருவம்மாள் கேட்டாள்.

பரணைக் காலி செய்யுங்கள், குறுக்குச் சட்டம் அடிக்கும்வரை பறிப்பை நிறுத்துங்கள் என்று மச்சானிடம் கெஞ்சினேன். “கணக்குப் போட்டவனும் நீ, கையெழுத்துப் போட்டவனும் நீ. இப்ப வந்து காத்தடிக்குதுங்கிறியே மாப்ளே! போ, போயி வேற சோலியப் பாரு” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “ஒங்கக்கா என் வீட்டுலதான் இருக்கா, மறந்துறாத” என்றார். நாளைக்குப் பரணில் இன்னும் முப்பது சாக்கு ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் போடி வீட்டுக்கு இறங்கியிருக்கிறார். அவர் சீட்டு இல்லாமல் ஒரு கூடையைக்கூட இறக்கமாட்டேன் என்கிறான் கங்காணி.

இதைக் கொண்டுவரும் கழுதைக்காரர் சுடலை உன் வாசலிலேயே நிற்பார். மச்சானிடம் அந்தச் சீட்டை எழுதி வாங்கி அவர் கையில் கொடு. அந்த வீட்டில் உனக்கு ஏச்சும் பேச்சும் விழும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பறிக்கிற பெண்களுக்காக என்று சொன்னால் அவர் எழுதமாட்டார். என் தம்பி நடுத்தூணுக்கு அடியில் பாய் போட்டுவிட்டான், பரண் காலியாகும்வரை எழுந்திருக்கமாட்டான் என்று சொல். பொய் இல்லை அக்கா, அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். சுடலையை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே.

உன் தம்பி,
ராக்கையா