குளத்துக்குப் பின்னால் ஒரு நீல மலை

என் அன்பு மச்சாள் வசந்திக்கு,

நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. உன் கவிதைகளைப் புத்தகமாக்கி முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்தன்று கொடுக்க வேண்டும் என்று என் தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான். பிழை திருத்துவது நான். உன் புருஷனுக்குக் கவிதை எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும்தானே.

அந்தக் குளத்துக் கவிதையில்தான் பிரச்சினை தொடங்கியது. குளத்துக்குப் பின்னால் நீல மலை தெரிவதாக எழுதியிருக்கிறாய். எங்கள் குளக்கட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் காடும்தானே? கிளிநொச்சியில் எங்கே மலையைக் கண்டாய்?

"அக்கா, சனம் சிரிக்கும். மலையை எடுத்துப்போட்டு மரம் எண்டு போடுவம்," என்றான் தம்பி.

"அவள் எழுதினதை மாத்த நீ ஆர்?"

"நான் அவளின்ர மனுசன். அவளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவள் நான். இயற்கையைப் பாடிய ரொமான்ரிக் கவிஞர்கள் பற்றி வருடாவருடம் ஒரே பாடம்தான். ஆற்றையும் மலையையும் பார்த்தார்கள், மனதில் வைத்திருந்தார்கள், பல காலம் கழித்து வீட்டுக்குள் இருந்து எழுதினார்கள், நினைவு விட்ட இடத்தைக் கற்பனை நிரப்பியது என்பேன். அப்படியென்றால் முதலில் கண் பார்த்திருக்க வேண்டாமா? நீ மலைநாட்டுப் பக்கமே போனதில்லையே. யாருடைய நினைவை எழுதினாய்?

உன் அம்மாவிடம் போனேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பமல்லவா. மாமி முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கவிதையை வாசித்தேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அது எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால இருந்த மலை. சின்னதுல இவ லேசுல தூங்கமாட்டா. மலையப் பத்திச் சொன்னாத்தான் கண்ண மூடுவா."

"உண்மையா நீலமாவோ இருந்தது, மாமி?"

மாமி சிரித்துவிட்டார். "எனக்கு என்னம்மா தெரியும்? என்னையக் கைப்புள்ளையாத் தூக்கிட்டு வந்தாங்க. மலை இருந்துச்சுன்னு மட்டுந்தான் எங்கம்மா சொன்னாங்க. நீலம் நான் போட்டது."

வசந்தி, உன் அம்மாவும் பார்க்கவில்லை! அம்மம்மா கண்ட மலைக்கு அம்மா நிறம் கொடுத்தார். நீ அதை எங்கள் குளத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாய். இதில் எது நினைவு, எது கற்பனை? வகுப்பில் இனி நான் என்ன சொல்லப் போகிறேன்?

தம்பியிடம் சொன்னேன். "அப்ப மலை இருக்கட்டும் அக்கா," என்றான். பிறகு, "எனக்கு ஏன் அவள் இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டான். ஏன் சொல்லவில்லை நீ? அல்லது உனக்கே அது எங்கிருந்து வந்ததென்று தெரியாதா?

பள்ளி விடுமுறைக்கு மாமியை ரயிலில் மலைநாட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவருக்குப் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அந்த மலை வெறும் பச்சையாக இருந்தாலும் சரி, உன் வரியில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் புருஷனுக்கு அக்கா, உனக்கு என்றும்
மச்சாள்