ஒரு கைக்கு மட்டும் கஞ்சி

ஆவடி,
வைகாசி, 1944

சௌபாக்கியவதி பேச்சியம்மாளுக்கு உன் புருஷன் எழுதுவது. உன் இருமல் நின்றதா, அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

இந்தப் பட்டாளத்துக் கிடங்கில் குமாஸ்தாக்களுக்கும் காக்கிச் சட்டைதான். வண்ணார் போடும் கஞ்சியில் அது பலகை மாதிரி நிற்கிறது. உடம்பெல்லாம் வேர்க்குரு. பயப்படாதே, வெறும் அரிப்புதான். ஆனால் அது துணியின் தடிப்பாலா, கஞ்சியாலா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டையை நானே துவைத்து, வலது கைக்கு மட்டும் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

பூந்தமல்லியிலிருந்து வரும் தையல்காரர் பஷீருதீன் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஒரு கை மட்டும் பரேடுக்குப் போவுதா?" என்றார். கிடங்கே சிரித்தது.

சாயங்காலம் பார்த்தால் வலது கை முழுக்கப் புது வேர்க்குரு, இடது கையில் புதிதாக ஒன்றுமில்லை. துணி ஒன்றுதானே? கஞ்சிதான் காற்றை அடைக்கிறது. என் பழைய சட்டைகளும் கஞ்சி மடிப்பில்தான் வெடித்திருக்கின்றன.

ராத்திரி போர்த்திக்கொள்ள உன் பழைய சுங்குடிச் சேலை ஒன்று அனுப்பு. மெல்லிய நூல், உடம்புக்கு இதமாக இருக்கும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். நீ கட்டி அவிழ்த்த சேலையாகவே, துவைக்காமல் அனுப்பு. துவைக்கத் துவைக்க நூல் இளைத்துவிடுமாம்.

சௌந்திரபாண்டியன்