பாரம் பேசாது

நானா,

இன்று காலை உங்கள் மனைவி அந்தத் தோல் பந்தை அனுப்பிவைத்திருக்கிறார். முச்சக்கர வண்டிக்காரர் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து நான் உட்காரும் கதிரையில் இறக்கிவிட்டு, உள்ளே இருப்பது கருங்கல்லா என்று கேட்டார். பழைய உதைபந்தின் தோலுக்குள் மணலும் கந்தல் துணியும் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை அறை முழுக்க நிற்கிறது. கட்டுகஸ்தோட்டையில் உங்கள் இரும்புக்கடையின் பின்பக்கமே எழுந்து வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

ஒழுங்கு போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே முதலில் குறிப்புகள்:

1. அறுபது தாண்டிய பிறகு நீங்கள் ஏன் மறுபடியும் குத்துச்சண்டை மேடை ஏறினீர்கள்.
2. அதற்காக உங்கள் கால்களுக்குப் பலம் ஏற்றிய விதம்.
3. அந்தப் பயிற்சியில் நான் வெறுமனே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்பது.

இளவயதில் ஓர் இறுதிப் போட்டியில் மூன்றாவது சுற்றில் கால் மடங்கி விழுந்தீர்கள். உங்களை வீழ்த்தியவர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றுக் கண்டிக்குத் திரும்பியபின், ஒருநாள் தண்ணீர்க் குழாய் வாங்க உங்கள் கடைக்கே வந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்தீர்கள். அவர் போவதற்குள், பழைய மாணவர் விழாவில் மூன்று சின்னச் சுற்றுகள் ஆடுவதென்று முடிவாகிவிட்டது. தடித்த கையுறை, தீர்ப்புக் கிடையாது, எல்லாம் வேடிக்கைக்குத்தான். ஆனால் என்னிடம் நீங்கள் சொன்னபோது சிரிக்கவில்லை.

"ஜெயிக்கத் தேவல்ல மாஸ்டர். மூணாவது ரவுண்ட் முடியிறப்ப நான் நிண்டுக்கிட்டு ஈக்கணும்." இருக்கணும் என்பதை நீங்கள் எப்போதும் ஈக்கணும் என்றுதான் சொல்வீர்கள்.

வைத்தியர் உங்கள் இருதயத்தைச் சோதித்துச் சம்மதித்தார். உங்கள் மனைவி சம்மதிக்கவில்லை.

பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் அட்டவணை போடும் வேலை எனக்கு வந்தது. குத்து கையில் பிறப்பதில்லை. பாதம் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, கை கடைசியில்தான் போய்ச் சேருகிறது. நீங்களோ அந்த நாளில் கையை மட்டும் வளர்த்திருந்தீர்கள். ஆகவே மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நடந்தீர்கள். அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, தோளில் குறுக்கே வைத்துக் குந்தி எழும்பினீர்கள். தனியாகச் செய்தால் பார்க்கிறவர்கள் விசர் என்று நினைப்பார்கள் என்று என்னையும் பக்கத்தில் குந்தவைத்தீர்கள்.

அடுத்தது இந்தப் பந்து. அதைச் சுவரில் எறிந்தால் சுவர்த் தட்டில் அடுக்கிய பெயின்ட் தகரங்கள் விழும். எனவே நான் சுவரானேன். நீங்கள் இடுப்பைத் திருப்பி எறிந்த முதல் பந்தோடு கயிற்றுச் சுருள்களுக்குள் போய் விழுந்தேன். கடைப் பையன்கள் சிரிக்க, நீங்கள் கைகொடுத்து எழுப்பி, "மூச்ச விட்டுட்டுப் புடிங்க மாஸ்டர்" என்றீர்கள். பிறகு அதைத் திருப்பி எறியவும் சொன்னீர்கள். நோன்பு மாதத்தில் வாளிகளைப் பாதியாகக் குறைத்தேன். நீங்கள் குடிக்காமல் இருக்க நான் எப்படிக் குடிப்பது என்று நானும் தண்ணீரைத் தவிர்த்தேன். மயங்கியது நான்தான். உங்கள் மனைவி எனக்குச் சீனித் தண்ணீர் கரைத்துக்கொடுத்து, இனி இந்த வீட்டில் எனக்கு நோன்பு இல்லை என்று கண்டித்துவிட்டார்.

பெருநாள் முடிந்ததும் அவர் தன் பரீட்சையை வைத்தார். பாதையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறும் அந்தச் செங்குத்தான படிகளில் பாரத்தோடு நிற்காமல் ஏற வேண்டும், அதுவும் கதைத்துக்கொண்டே. மூச்சு வாங்கினால் போட்டி இல்லை. நீங்கள் சீமெந்து மூட்டையைப் பார்த்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"மூட்ட எதுக்கு? மாஸ்டரத் தூக்கிட்டு ஏறுங்க."

உங்கள் முதுகில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் கடையிலுள்ள ஆணிகளின் அளவுகளைச் சின்னதிலிருந்து சொல்லிக்கொண்டே ஏறினீர்கள். அயல்வீட்டார் ஜன்னல்களுக்கு வந்துவிட்டார்கள். பாதிப் படியில் வெட்கம் தாங்காமல், "எறக்கி விடுங்க நானா" என்றேன்.

"பேசாதீங்க மாஸ்டர். பாரம் பேசாது."

கூரை ஆணிக்கு வந்தபோது உச்சிப் படியில் நின்றோம். உங்கள் மனைவி உள்ளே போய் உங்கள் பழைய போட்டிக் காற்சட்டையின் இடுப்பைத் தளர்த்தித் தைக்க ஆரம்பித்தார்.

விழா மேடையில், மூன்றாவது சுற்றில் வங்கிக்காரர் உங்களை மூலைக்குத் தள்ளினார். நான் தோளில் கிடந்த துவாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் முழங்கால் மடங்கியது. மடங்கியது குந்துவதற்கு என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. தரையைத் தள்ளி எழும்பி அவர் நெஞ்சில் ஒன்று வைத்தீர்கள். அவர் பின்னால் போய்க் கயிற்றில் சாய்ந்து சிரித்தார். மணி அடித்தது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கயிற்றுக்கு மேலாகக் குனிந்து என் காதில், "கால் ஈக்கிது மாஸ்டர்" என்றீர்கள்.

போன வருடம் அதே படிகளில் உங்களை இறக்கினோம். உங்களைக் கிடத்திய சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். விடுங்க சேர் என்று என்னையும் கேட்டார்கள். பாதை வரை நான் விடவில்லை. பாரமே தெரியவில்லை. துக்கத்தில் அப்படி இருக்கும்போல என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் அறையைக் கூட்ட வந்தாள். கதிரையிலிருந்த பந்தை அசைத்துப் பார்த்தாள், முடியவில்லை. அவர் வந்து தூக்கட்டும் மாமா என்றாள். நான் யோசிக்காமல் எழுந்து, குந்தி, மூச்சை விட்டுவிட்டு, அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அவள் விளக்குமாற்றோடு அப்படியே நின்றாள்.

மணிக்கூட்டைப் பற்றிய மூன்றாவது குறிப்பு பிழை, நானா. எனக்கும் கால் ஈக்கிது.