ஒரே தட்டில் மாதாவும் மாடனும்

3 மார்ச் 2006, வெள்ளி
நான் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், முவைலா லேபர் கேம்ப் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் நாகலிங்கம் தன் சுடலைமாடன் படத்தைச் சுவர்த்தட்டில் என் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். சூடம் வேறு கொளுத்தியிருக்கிறான். மாதாவின் கன்னத்தில் கரி. எடுக்கச் சொன்னேன். "இருக்கது ஒரு தட்டுதானே அண்ணாச்சி. அம்மைக்குத் துணையா இருந்துட்டுப் போட்டும்" என்கிறான். மாதாவுக்குச் சுடுகாட்டுச் சாமி துணையாம்.

8 மார்ச்
தவக்காலம் என்று நான் கறி தொடுவதில்லை. அவனும் தொடுவதில்லை — பங்குனி உத்திரம் வரை விரதமாம். தினமும் ஒரே பருப்புச் சட்டி, இரண்டு பேர். இதுகூட எனக்கென்று தனியாக இல்லை.

17 மார்ச்
ரூமில் மூன்றாவது ஆள் ஞானசிங். எங்கள் ஊர்ப் பக்கம்தான், எலக்ட்ரீஷியன், பெந்தெகொஸ்தே சபை. இன்று நாகலிங்கத்திடம், "பேயைக் கும்பிடுற ரூம்ல ஜெபம் எப்படி ஏறும்?" என்று கேட்டுவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். "ஜெரிஷ், உனக்க மாதாவும் விக்கிரகம்தான். ரெண்டையும் தூக்கி வெளிய வை."
ரெண்டையுமா? என்னை எப்படி அவனோடு சேர்க்கலாம்?
"அம்மையை எதுக்கு வையுதீரு?" என்று எனக்காகச் சண்டைக்குப் போனவன் நாகலிங்கம். அது இன்னும் எரிச்சல்.

4 ஏப்ரல்
நாகலிங்கத்தின் பெண்டாட்டி ராக்கம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம். ஆண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். லீவு கேட்டால் ஃபோர்மேன் அரபியில் "மாஃபி", கிடையாது, என்கிறான். அவ்வளவுதான். பாஸ்போர்ட் கம்பெனியிடம்.

7 ஏப்ரல், வெள்ளி
"நானும் கோயிலுக்கு வாரேன்" என்றான். கூட்டிப்போனேன். நடு வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். மலையாளிச் சேச்சிமார் எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்கு மானம் போயிற்று. வெளியே வந்ததும் கேட்கிறான், "உங்க சாமிக்குக் கிடா நேரலாமா?"
"எங்க சாமியே கிடாவாப் போயிட்டாரு" என்றேன், வெடுக்கென்று.
பஸ் வரும்வரை யோசித்தான். "அப்ப அந்த அம்மைக்கு எங்க பாடு தெரியும்" என்றான்.

11 ஏப்ரல்
டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் ஞானசிங் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபம். "நாகலிங்கத்துக்க பிள்ளை, ஆண்டவரே" என்று பேர் சொல்லியே. வண்டி ஹாரன் அடிக்கிறது. எழும்பமாட்டேன் என்கிறான். இவனையும் சேர்த்து நான்தான் வண்டிக்கு இழுத்துட்டுப் போகணும்.

12 ஏப்ரல்
பிள்ளை போயிட்டு.
மாதாகிட்ட நான் கேட்டேன். மாடன்கிட்ட அவன். ஞானசிங் நேரா மேலேயே. மூணு வாசல்லயும் ஒரே பதில். என்னதான் வேணும் உங்களுக்கு — ஒரு கைப்பிடிப் பிள்ளை.

14 ஏப்ரல், பெரிய வெள்ளி
நாகலிங்கம் விரதம் முடிந்தும் சாப்பிடவில்லை. ஞானசிங் கஞ்சியும் சிறுபயறும் வைத்தான். கிண்ணத்தை அவன் கையில் கொடுத்து, முதல் வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, "பேரு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டான்.
"இல்ல."
மூன்று மணி வழிபாட்டுக்கு நான் போகவில்லை. சாவு வீட்டை விட்டுவிட்டு எங்கே போக.