மணி தின்ற மாத்திரை

செவ்வாய்க்கிழமை, லகாட்

மணிக்கு இப்படி ஏதாவது வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்?

மணி, பக்கத்து வீட்டு சரசுவின் நாய். நொண்டுகிறதே என்று என் மூட்டுவலி மாத்திரையைக் கொடுத்தோம். இப்போது சோற்றைத் தொடுவதில்லை, கண் மஞ்சளாகிவிட்டது. காலையில் ஈப்போவுக்கு மிருக டாக்டரிடம் நான்தான் காரில் கொண்டுபோனேன். அந்தப் பெண் டாக்டருக்கே மாத்திரையின் பெயரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஈரல் கெட்டிருக்கு. மனுஷங்க மாத்திரைய யாரு குடுக்கச் சொன்னா?" என்றார் டாக்டர்.

"இந்த அண்ணேதான் லா. பெரிய ஆராய்ச்சியெல்லாம் படிச்சவரு," என்றாள் சரசு.

விடுவேனா? "மிருகத்துக்குக் குடுத்துப் பாத்துட்டுதானே மனுஷனுக்கு விக்கிறாங்க? நாய்ங்க ஈரலுக்கு ஒண்ணுமே ஆகலயாம்," என்றேன். டாக்டர் மணியை அங்கேயே வைத்துக்கொண்டார். பிழைக்குமா என்று நாளைக்குத்தான் தெரியுமாம்.

திரும்பும்போது சரசு வெறும் சங்கிலியை மடியில் வைத்திருந்தாள். "நீங்க படிச்சதுல நாய்ங்க எல்லாம் நல்லா இருந்துச்சுல்லண்ணே?"

"எல்லாமே நல்லா இருந்துச்சு," என்றேன்.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை. அந்த மாத்திரை ஆராய்ச்சியைப் பற்றிக் கைபேசியில் வந்திருந்த செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் இருந்தவை எலிகள் மட்டும்தான். நாய்கள், நானாகச் சேர்த்தது.