போன் பேசிக்கொண்டே நீ கிறுக்கிய தாள்

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். நீதான் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே, அதனால் எழுதிவிட்டுப் போகிறேன்.

உன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே என் நல்ல தாளில் கிறுக்கிவிட்டாய் என்று நேற்று குதித்தேன் அல்லவா? போன மாதமும் ஒன்றைக் கிறுக்கியிருக்கிறாய். எழுத்து மாதிரியே இருந்தும் யாராலும் படிக்க முடியாதபடி நான் கோடு கோடாக வரைந்து வெளிநாட்டு நண்பர் ஒருவருக்கு அனுப்பும் தபால் கவிதைகளோடு அதுவும் உறைக்குள் போய்விட்டது. என்னுடையது என்றே நினைத்து ஒட்டினேன். என் கலையின் லட்சணம் அவ்வளவுதான்.

அந்த நண்பரின் பதில் இன்று காலை வந்தது. மற்றவை பரவாயில்லையாம். மூலையில் காபி வட்டம் பதிந்ததை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிட்டாராம், இன்னும் வேண்டுமாம். நான் காபியே குடிப்பதில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இன்னொன்று கேட்டதும் இல்லை.

வெளியே போனால் மேசைமேல் இருக்கும் உறையைத் தபால்பெட்டியில் போட்டுவிடு. அந்தக் காபி வட்டத் தாள் என் மனைவி கிறுக்கியது என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன், படிக்கிற எழுத்தில்.

பி.கு.: நல்ல தாள் முழுக்கட்டும் போன் பக்கத்தில் இருக்கிறது. தங்கையிடம் நிதானமாகப் பேசு.

இன்னொன்று: பேசி மிச்சமிருந்தால், சாயங்காலம் என்னிடமும் இரண்டு வார்த்தை.